மூன்றடிச் சந்தின் கீரை

தெருவில் அவளுக்குப் பத்தவைப்பு என்று பெயர். லாரியோ பஸ்ஸோ காரோ, எதன் ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தாலும் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து அடைப்பது அவள் தொழில். ஆனால் தொழிலுக்காக மட்டும் வைத்த பெயர் என்று யாரும் நினைக்க வேண்டாம். குழாயடியில் இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டு நின்றால், இவள் வாளியோடு போய்த் திரும்புவதற்குள் அந்த இருவரும் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் வாளி தளும்பாமல் வீடு வந்து சேர்வாள்.

வீட்டின் முன்பக்கத்தில்தான் பட்டறை. புருஷனும் அங்கேதான் வேலை பார்த்தான். வாயில்லாப் பூச்சி. கடைக்காரன் அழுகல் தக்காளியைக் கட்டிக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி வருகிறவன். "அவருக்கு வர வேண்டிய வாயையும் சேர்த்து எனக்கே வச்சுட்டாங்க" என்பாள் அவள். அது புகாரா பெருமையா என்று அவளுக்கே தெரியாது.

வீடு மாமனார் கட்டியது. அவர் போனபின் அண்ணனான இவள் புருஷனுக்கு இடப்பக்கம், தம்பிக்கு வலப்பக்கம் என்று பிரித்தார்கள். தம்பி பஸ் கண்டக்டர். பத்திரம் எழுதியவன் அறைகளை எழுதினான், ஜன்னல்களை எழுதினான், கழிப்பறை ஓட்டைக்கூட எழுதினான். நடுவில் இருந்த சந்தை எழுத மறந்துவிட்டான். மூன்றடி அகலம், இருபத்தாறு அடி நீளம். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். பின்வாங்குகிற ஆள் இரண்டு வீட்டிலும் இல்லை.

பதினொரு வருஷம் வழக்கு நடந்தது. முதல் நாளே அவள் வக்கீல் சொல்லிவிட்டார்.

"என்னோடதுன்னு வாயால சொன்னா போதாதும்மா. அனுபவத்துல வச்சிருக்கணும். தண்ணி விடுங்க, செடி வைங்க, வேலி போடுங்க. போட்டோ எடுத்துப் பின்னாடி தேதி எழுதி வைங்க. ஆனா சண்டைக்குப் போகாதீங்க. ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்."

"ஈயம் பூசுறதை எனக்கே சொல்லித் தர்றாரு பாரு" என்று வெளியே வந்ததும் புருஷனிடம் சொன்னாள். ஆனால் அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள்.

பட்டறைக்கு வருகிற ரேடியேட்டரை முதலில் சோடாக் காரம் கலந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு பழைய ஈயத்தைச் சூடுகாட்டி வழித்து, ஆசிட் தடவி, புது ஈயத்தை ஓடவிட்டு, எல்லாம் முடிந்ததும் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் போகும். அதுவரை அது தெருச் சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு குழாய் வாங்கி அதைச் சந்துப் பக்கம் திருப்பினாள். தண்ணீர் விட்டாயிற்று. இனிமேல் உயிர் பெறாத பழைய ரேடியேட்டர்களைச் சந்தின் ஓரம் வரிசையாக நிறுத்திக் கம்பியால் கட்டினாள். வேலி போட்டாயிற்று. உள்ளே மண்ணைக் கொத்திக் கீரை விதைத்தாள். தினமும் பட்டறையைப் பெருக்கி, அந்தக் குப்பையைப் பாத்தியில் கொட்டி மண்வெட்டியால் கிளறிவிட்டாள். பட்டறையை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்த பெண்பிள்ளை அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

கீரை நன்றாகவே வந்தது. மண் கெட்டுப் போயிருந்தால் வாடிக் காட்டியிருக்கலாம், மஞ்சளாகவாவது நின்றிருக்கலாம். அந்த மண்ணுக்கு அந்த நேர்மைகூட இல்லை. தளதளவென்று வளர்த்துக் கொடுத்தது.

வாரத்தில் மூன்று நாள் அவள் வீட்டில் கீரைதான். புருஷனுக்கு அலுத்துவிட்டது. மகள் பிறந்து, பல் முளைத்த நாளிலிருந்து அவளுக்கும் கீரைதான். "சாப்பிடு. இது வெறும் கீரை இல்ல, நம்ம எடத்துல வெளைஞ்சது" என்று ஊட்டுவாள்.

கண்டக்டரின் வக்கீலும் அதே சட்டத்தைத்தானே படித்திருப்பார்? அவரும் அதே புத்தியைத்தான் சொல்லியிருந்தார். அதனால் பட்டறையில் ஈயம் உருக்குகிற கேஸ் விளக்கு சீறுகிற சத்தம் கேட்டதும், கண்டக்டரின் மனைவி தன் பின்வாசல் வழியாக வந்து, வேலிக்கு மேலே கையை விட்டுக் கீரையைக் கிள்ளிக்கொண்டு போவாள். அவளுக்குக் கீரை பிடிக்கும் என்பதற்காக அல்ல. நாங்களும் அனுபவிக்கிறோம் என்று காட்டுவதற்காக.

ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு என்பது வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்துவதுதான். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தபோது பத்தவைப்பு கத்தினாள்: "தின்னுடி, தின்னு! மருந்து வச்சிருக்கேன் அதுல. குடும்பத்தோட போய்ச் சேருங்க!"

ஓரகத்தி அசரவில்லை. ஒரு தண்டை ஒடித்து வாயில் போட்டு, இவளைப் பார்த்துக்கொண்டே மென்றாள். மென்று விழுங்கிவிட்டு, "உப்புதான் கம்மி" என்றாள்.

அந்தக் கோபத்தில் பத்தவைப்பு திருட்டையும் போட்டோ எடுக்க ஆரம்பித்தாள். அவற்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது வக்கீல் பதறிவிட்டார். "அம்மா, இதை வெளியில எடுத்துடாதீங்க. அவங்களும் பறிச்சாங்கன்னா அவங்களுக்கும் அனுபவம் இருக்குன்னு ஆயிடும். பறிச்சதே இல்லைன்னு சொல்லுங்க." அவளும் சத்தியம் பண்ணிக் கூண்டில் நின்று சொன்னாள்: "நான் மட்டும்தான் ஐயா. அவங்க ஒத்த எலை கிள்ளினதில்ல. அந்தப் பக்கம் கால் வச்சதுகூட இல்ல." கண்டக்டர் எதிரில் உட்கார்ந்து பல்லைக் கடித்தான். நீதிபதி அவளை நம்பினார்.

தீர்ப்பு வந்த அன்று அவள் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பட்டறைச் சுவரில், பக்கத்து வீட்டுக்காரன் தெருவில் நடந்தால்கூடக் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டினாள். மேல்முறையீடு செய்யப் போவதாகக் கண்டக்டர் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் மனைவி முன்பைவிட அதிகமாகக் கிள்ள ஆரம்பித்தாள்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. சில மாதங்களாகவே வயிற்றுவலி என்று சுருண்டு சுருண்டு படுத்தாள். முகம் வெளுத்திருந்தது. போன வருஷம் கடகடவென்று ஒப்பித்ததெல்லாம் இந்த வருஷம் மறந்துபோயிற்று. கேட்டால் எரிந்து விழுந்தாள். "அம்மா மாதிரியே" என்று டீச்சர் சொல்லிச் சிரித்தாராம். பக்கத்து வீட்டு வயிற்றெரிச்சல்தான் பிள்ளையின் வயிற்றில் இறங்கியிருக்கிறது என்று பத்தவைப்பு தெருவில் நின்று அரைமணி நேரம் கத்தினாள். கத்தி முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் ஒரு பெண். பிள்ளையின் ஈறைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், பிறகு பிள்ளையை விட்டுவிட்டுத் தாயின் விரல்களைப் பார்த்தார்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது.

"ரத்தத்துல ஈயம் இருக்கும்மா. இருக்கவே கூடாது. அஞ்சைத் தாண்டினாலே நாங்க கவலைப்படுவோம். உங்க பொண்ணுக்கு முப்பத்தெட்டு."

"அது எப்படிங்க? ஈயம் என் கையில இருக்கு. அவளைப் பட்டறைக்குள்ளயே விடமாட்டேனே."

"எப்படியோ வாய் வழியாப் போயிருக்கு. இப்பவே பார்த்ததால குறைக்கலாம். இப்படியே விட்டிருந்தா மூளையில பண்ற வேலையைத் திருப்ப முடியாது. சின்னக் குழந்தைங்கன்னா இன்னும் மோசம்."

சுகாதாரத் துறையிலிருந்து மண் எடுக்க ஒரு பெண் வந்தாள். கையில் சின்னக் கரண்டியும் கவர்களும். பட்டறைத் தரையைச் சுரண்டினாள், தெருவோரம் எடுத்தாள், சந்தில் ஐந்து இடத்தில் எடுத்தாள். பத்து நாளில் தாளோடு திரும்பி வந்து, சந்தின் வாயிலில் நின்றபடியே சொன்னாள்.

"பட்டறைத் தரை சிமெண்ட், கழுவி விட்டுடலாம். இந்தச் சந்துதான். இருக்கலாம்னு சொல்ற அளவுக்குப் பன்னிரண்டு மடங்கு இருக்கு. வருஷக்கணக்கா யாரோ இங்க ஈயத் தண்ணி விட்டிருக்காங்க."

பத்தவைப்பு வாயைத் திறந்தாள். 'யாரோ' என்றதுமே கண்டக்டர் வீட்டுப் பக்கம் கையை நீட்டத் தயாராகிவிட்டாள், பாவம், பழக்கதோஷம். கை பாதியிலேயே நின்றது. பதினொரு வருஷத்துப் போட்டோ அலமாரியில் இருக்கிறது. குழாயோடு, தண்ணீரோடு, மண்வெட்டியோடு அவளே சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. பின்னால் தேதி வேறு. அவளைத் தவிர யாரும் அங்கே கால் வைத்ததில்லை என்று நீதிபதி கையெழுத்துப் போட்ட தாள் சுவரில் தொங்குகிறது. பழியைத் தூக்கி வைக்க வேறு தலையே இல்லாமல் பண்ணி வைத்திருந்தாள்.

"இந்தச் சந்தை வேற யார் புழங்குறாங்க? பக்கத்து வீட்டுல குழந்தைங்க இருக்கா? இந்தக் கீரையை அவங்களும் சாப்பிடுறாங்களா?" மண்காரப் பெண் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இல்ல. நான் மட்டும்தான். அவங்க ஒத்த எலை கிள்ளினதில்ல."

யோசித்துச் சொன்னதில்லை. பதினொரு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்த பதில் அதுதான். கேட்டதும் தானாக வந்துவிட்டது. மண்காரப் பெண் 'ஒரே குடும்பம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனபிறகு புருஷன் மெதுவாகச் சொன்னான். "அங்க பெரியவளுக்கு ஒன்பது. சின்னவளுக்கு ரெண்டுதான் ஆகுது."

"எனக்குத் தெரியாதா? கணக்குச் சொல்ல வந்துட்டாரு!"

"சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்ல? கோர்ட்ல பொய் சொன்னேன்னா? உன் புள்ளைங்களுக்கு நான்தான் ஈயம் ஊத்தினேன்னா? அந்த வார்த்தையை வச்சே உங்க தம்பி என்னை உள்ள தள்ளிட்டு, சந்துல நாற்காலி போட்டு உக்காருவான்."

வாயில்லாதவனின் மௌனத்தை எதிர்த்துச் சண்டை போட முடியாது. அன்று முழுக்க அவள் பாத்திரத்தோடு சண்டை போட்டாள்.

மறுநாள் காலை கேஸ் விளக்கை ஏற்றிவிட்டு, அதைச் சீறவிட்டபடியே சந்துப் பக்கம் போய்ப் பார்த்தாள். நினைத்தது போலவே ஓரகத்தி வேலிக்கு மேல் குனிந்திருந்தாள். மடியில் ஒரு கட்டுக் கீரை.

"ஏய், போடு கீழ! அதுல ஈயம் இருக்கு. விஷம்! புள்ளைங்களுக்குக் குடுக்காத!"

ஓரகத்தி நிமிர்ந்து பார்த்தாள். "பழைய பாட்டுதானே? போன தடவை மருந்து, இந்தத் தடவை ஈயம். அடுத்த தடவை பாம்பு விடுவியா?"

"நெஜமா சொல்றேன்டி! என் பொண்ணுக்கு ரத்தத்துல…"

"உன் பொண்ணுக்கு உன் நாக்குல இருக்கிற விஷம் போதும்."

பத்தவைப்பு பாத்திக்குள் குதித்து, இருந்த கீரையை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். ஓரகத்தி உடனே தெருவைக் கூப்பிட்டாள். "பாருங்க, அப்பீலுக்குப் போறோம்னு தெரிஞ்சு சாட்சியை அழிக்கிறா!" அதையும் ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். கீரை போய்விட்டது. ஆனால் உள்ளே போனதை எப்படிப் பிடுங்குவது?

பத்தவைப்பு மண்காரப் பெண்ணுக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் பார்க்கச் சொன்னாள். "அன்னைக்கு இல்லைன்னு சொன்னீங்களே?" என்றாலும் அவள் வந்தாள். கண்டக்டர் கதவைப் பாதி திறந்து, "அவ அனுப்பிச்சாளா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றதும் பாதிக் கதவும் சாத்திக்கொண்டது. "எதையும் நம்பாத ஆளுங்களா இருக்காங்களே" என்றாள் மண்காரப் பெண். அவர்களை நம்ப வைத்தால்தான் வழி. தான் எதைச் சொன்னால் நம்புவார்கள் என்று பத்தவைப்புக்குத் தெரியும். பதினொரு வருஷமாக அவர்கள் கேட்கத் தவித்த வாக்கியம் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் கண்டக்டருக்கு டியூட்டி இல்லாத நேரம் பார்த்து அவள் கிளம்பினாள். சுவரில் மாட்டிய தீர்ப்பைக் கழற்றிப் பையில் வைத்தாள். மகளின் ரத்த முடிவை வைத்தாள். அலமாரியைக் குடைந்து இன்னும் ஒன்றை எடுத்து அடியில் வைத்தாள். சந்து வழியாகப் போகவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். அந்த வாசற்படியை மிதித்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் பின்னாலேயே வந்தான். வராதே என்றும் அவள் சொல்லவில்லை.

கண்டக்டர் எழுந்து நின்றான். "என்ன வேணும்?"

"கோர்ட்ல நான் சொன்னது பொய்" என்றாள் அவள். "உன் பொண்டாட்டி பறிச்சா. வாரத்துக்கு மூணு நாள், நாலு நாள், வருஷக்கணக்கா பறிச்சா. உங்க வீட்டுல தின்னீங்க. எனக்குத் தெரியும்."

கண்டக்டரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததைப் பார்த்தபோது, இந்த மனுஷனை அடித்தே கொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"இதை எழுதிக் குடுப்பீங்களா அண்ணி?"

பதினொரு வருஷம் கழித்து அண்ணியாகிவிட்டாள். "பேப்பர் கொண்டா" என்றாள்.

எழுதினாள். அவளுக்குக் கோணல் எழுத்து. ஈயம் ஓடுகிற அளவுக்கு நேராகப் பேனா ஓடாது. சந்தில் விளைந்த கீரையைக் கொழுந்தன் வீட்டார் ஆரம்பத்திலிருந்து பறித்துச் சாப்பிட்டு வந்தார்கள், நான் மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். புருஷன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். கண்டக்டர் அதை வாங்கி, நிறுத்தத்தின் பெயர் கூவுகிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி படித்தான். படித்து முடித்து மனைவியைப் பார்த்தான். "ஜெயிச்சுட்டோம்!"

"ஜெயிச்சாச்சு இல்ல?" என்றாள் பத்தவைப்பு. "சந்தை நீங்களே வச்சுக்கங்க. மண்ணை நான் அள்ளிட்டுப் போறேன், அது என் அழுக்கு. இப்ப அதே பேப்பரை எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரெண்டு பிள்ளைங்களுக்கும் ரத்தம் பாருங்க. இந்தா, என் பொண்ணோடது." ரத்த முடிவை மேஜைமேல் வைத்தாள். "அஞ்சு இருந்தாலே தப்பாம். இவளுக்கு முப்பத்தெட்டு. அந்தத் தண்ணியை ஊத்தினது நான்தான்."

கண்டக்டர் சிரித்தான். "பாத்தியா? எழுதிக் குடுத்துட்டு உடனே ஒரு நாடகம். பயமுறுத்திப் பேப்பரைத் திரும்ப வாங்கப் பாக்குறா."

"திரும்ப வேணாம்."

"இவளாவது, சந்தை விடுறதாவது…"

"இருங்க" என்றாள் அவன் மனைவி.

அவள் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தைக் கணவன் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தாள், ரத்த முடிவைப் பார்த்தாள், பிறகு பத்தவைப்பின் முகத்தைப் பார்த்தாள். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பதினொரு வருஷம் பார்த்த முகம் அது. அந்த முகத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் யாரும் இல்லை, கட்டிய புருஷன் உட்பட.

"இவ விடுறவ இல்லைங்க" என்றாள். "செத்தாலும் விடமாட்டா. இவ விடுறான்னா… அது நெஜம்."

உள்ளறையில் சின்னவள் எதையோ தட்டி விளையாடுகிற சத்தம் கேட்டது. ஓரகத்தி அந்தப் பக்கம் திரும்பினாள்.

"சின்னவளுக்கு மசிச்சுத்தான் ஊட்டுவேன்" என்றாள். "பின்வாசல்ல உக்காத்தி வச்சு. நீ பாக்கணும்னு. நீ பாத்து எரியணும்னே, ஒவ்வொரு வாயா…"

பத்தவைப்புக்கு அது தெரியும். அவள் பார்த்திருக்கிறாள், எரிந்தும் இருக்கிறாள். வக்கீல் வெளியில் எடுக்காதே என்றது அதைத்தான். பையின் அடியிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து, ரத்த முடிவின் பக்கத்தில் வைத்தாள். பின்வாசல் படியில் தாய் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். மடியில் இருக்கிற குழந்தையின் வாய் நிறையப் பச்சை.

"எத்தனை மாசமா குடுத்தீங்கன்னு டாக்டர் கேப்பாங்க" என்றாள் பத்தவைப்பு. "பின்னாடி தேதி எழுதியிருக்கேன்."